இடது பக்கம் தள்ளினால்

மார்ச் 2

அன்புத் தங்கச்சிக்கு,

அக்கா எழுதிக்கறது. நீ நல்லா இருக்கணும், அது முதல்ல. மத்த சேதியெல்லாம் அப்புறம் சொல்றேன். இந்தப் போனைப் பத்திப் பேசி முடிக்கலன்னா எனக்கு மண்டை வெடிச்சுடும்.

இந்தக் காலத்துல கடுதாசியான்னு சிரிக்காதே. கூப்பிட்டா எடுக்க மாட்டேங்கற. மெசேஜ் போட்டா பார்த்துட்டு சும்மா இருக்க. பேப்பர்ல எழுதினா பிரிக்காம இருக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும். சின்ன வயசுல அடுத்தவங்க லெட்டரையே பிரிச்சுப் படிச்சவ நீ.

நம்ம சலவைக் கடையில எனக்கு நாள் முழுக்க ஈரக் கை. டைப் அடிக்க முடியாதுன்னுதான் உனக்கு எப்பவும் குரல்ல அனுப்பறேன். மைக்கை அமுக்கிப் பிடிச்சுப் பேசணும், விட்டா போயிடும். வேண்டாம்னா விரலை இடது பக்கம் தள்ளணும், ஒரு குப்பைத்தொட்டி வரும், பேசினது அதுக்குள்ள போயிடும். இத்தனை வருஷப் பழக்கத்துல என் கட்டை விரலுக்கு அதுக்குக் கண்ணே வேண்டாம்.

ஒரு உண்மையைச் சொல்லிடறேன். உன் பொண்ணு விஷயத்துல நீ அங்க இருந்து ஒரு அதிகாரம் பண்ணுவ. வாலுவுக்கு இதைக் கொடு, அதைக் கொடுக்காதே, ஏன் இளைச்சுட்டா, ஏன் இருமறா. எனக்குச் சுர்ருன்னு ஏறும். மைக்கை அமுக்கி வாய்க்கு வந்ததைக் கத்துவேன். கத்திட்டு இடது பக்கம் தள்ளிடுவேன். அப்புறம் கையைத் துடைச்சுட்டு "சரிம்மா"ன்னு ஒரு வார்த்தை அடிச்சு அனுப்புவேன். இஸ்திரிப் பெட்டியில ஆவி விடற மாதிரி. விடலன்னா துணி கருகிடும்.

போன வாரம் உன் மாமா என் போன்ல மேட்ச் பார்க்க உக்காந்தார். "புதுப்பிக்கவா, புதுப்பிக்கவா"ன்னு அது குறுக்கே வந்து கேட்டுக்கிட்டே இருந்துச்சாம். நான் மாசக்கணக்கா "அப்புறம்"னு தட்டி விட்டுக்கிட்டிருந்ததை இந்த மனுஷன் "சரி"ன்னு அமுக்கிட்டார். காலையில பார்த்தா யாரோ வீட்டுக்குள்ள புகுந்து பாத்திரம் பண்டமெல்லாம் இடம் மாத்தி வெச்ச மாதிரி இருக்கு! எழுத்து எறும்பு அளவுக்கு ஆயிடுச்சு. டார்ச்சைக் காணோம். கூப்பிடப் போனா போட்டோ எடுக்குது. நான் கேட்டேனா? யாராவது அழுதாங்களா, எங்களுக்கு மாத்திக் கொடுங்கன்னு?

அன்னிக்குத்தான் நீ கேட்ட, "யாரைக் கேட்டு வாலு முடியை வெட்டினே?" வழக்கம் போல அமுக்கினேன், கத்தினேன், இடது பக்கம் தள்ளினேன். குப்பைத்தொட்டி வரல. சொய்ங்னு ஒரு சத்தம். போயிடுச்சு! புதுசுல இடது பக்கம் தள்ளினா அனுப்பிடுமாம். திரும்ப அழிக்க வழி தேடறதுக்குள்ள நீ கேட்டுட்ட.

அது உனக்குன்னு பேசினது இல்லடி. தயவு செஞ்சு மறந்துடு. கோபத்தை அந்தக் கம்பெனிக்காரன் மேல காட்டு.

வாலு பரீட்சைக்குப் படிக்கறா. உன்னைக் கேட்டா.

போனோட சண்டை போட்டுக்கிட்டிருக்கற,
உன் அக்கா


மார்ச் 11

அக்காவுக்கு,

உன் லெட்டர் கிடைச்சுது. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம். போன் இடத்தைத்தான் மாத்துச்சு. குரல் உன்னுது.

நீ மறந்துடுன்னு சொன்னதை நான் எழுதிக் காட்டறேன், சரியா இருக்கான்னு பாரு. "அம்மாவாம் அம்மா. போன்லயே புள்ளை வளக்கற அம்மா. பெத்துப் போட்டுட்டுப் போனவளுக்கு அதிகாரத்துக்கு மட்டும் குறைச்சல் இல்ல. என்னால முடியல, வந்து உன் பொண்ணைக் கூட்டிட்டுப் போ."

ஒரு வார்த்தை விட்டுப் போச்சா?

நான் பெத்துப் போட்டுட்டு ஊர் சுத்த வரல. அவ அப்பா எங்களை விட்டுட்டுப் போனப்ப, "வாலுவை நான் பார்த்துக்கறேன், நீ போய் ஒரு வேலையில நில்லு"ன்னு சொன்னது யாரு? இங்க ஹோட்டல்ல வேலை நேரத்துல போனை லாக்கர்ல வெச்சுப் பூட்டிடுவாங்க. இடைவேளையில கிடைக்கற கொஞ்ச நேரத்துலதான் நான் அம்மாவா இருக்கேன். அதைத்தான் நீ அதிகாரம்ங்கற.

பேன் வந்துச்சு, அதனால வெட்டினேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எனக்குப் புரியாதா? மாமா சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீ அனுப்பறது "சரிம்மா". இப்ப உன்னோட பழைய மெசேஜையெல்லாம் தள்ளித் தள்ளிப் பார்க்கறேன். சரிம்மா, சரிம்மா, சரிம்மா. ஒவ்வொண்ணுக்கும் முன்னாடி நீ என்ன கத்தியிருப்பேன்னு யோசிக்கறேன். இத்தனை நாளா யாரோட பேசிக்கிட்டிருந்தேன்னே தெரியல.

லீவுக்கு எழுதிக் கொடுத்துட்டேன். பரீட்சை முடிஞ்சதும் வர்றேன். நீ சொன்னபடியே என் பொண்ணைக் கூட்டிட்டுப் போறேன். ஸ்கூல்ல சர்டிபிகேட் வாங்கி வை.

தங்கை


மார்ச் 19

என் தங்கச்சிக்கு,

படிச்சுட்டு அப்படியே உக்காந்துட்டேன். கொதிக்கிற தண்ணியில யாரோ போர்வையைப் போட்டுட்டு மறந்துட்டாங்க, அது கூடக் கண்ணுல படல.

கொட்டின வார்த்தையை அள்ள முடியாது. சரி, கொட்டினேன். அதுக்குக் குழந்தையைத் தூக்கிட்டுப் போவியா? உன் ரூம்ல நாலு பேரு, மேல ரெண்டு கட்டில், கீழ ரெண்டு கட்டில். நீயே போட்டோ அனுப்பின. வாலு எங்கடி படுப்பா, உன் பெட்டி மேலயா? ஸ்கூல் விட்டு வந்தா கதவைத் திறக்க யாரு இருப்பா? ஒரு வாரம் காலை ஷிஃப்ட்டு, ஒரு வாரம் மாலை ஷிஃப்ட்டுன்னு ஓடறவ நீ.

என்னால முடியலன்னு சொன்னேன். ஆமா, முடியல. அன்னிக்கு முடியல. மறுநாள் முடிஞ்சுது. யார் வீட்டுல தினம் முடியுது? அன்னிக்கு சாயங்காலம் முழுக்க அவ தலையை மடியில வெச்சுப் பேன் சீப்பு போட்டு இடுப்பு ஒடிஞ்சு எழுந்திரிக்கறேன், போன் "யாரைக் கேட்டு"ன்னு கேக்குது. நீயா இருந்தா என்ன பண்ணியிருப்ப? என்னை விட நாலு வார்த்தை கூடப் பேசியிருப்ப. நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே வாய்தானே.

வாலுவுக்கு முன் பல்லு விழுந்துடுச்சு. பேசினா காத்தா வருது. உனக்குப் போட்டோ அனுப்பலாம்னு போனை எடுத்தேன். எதை அமுக்கினா எங்க போகுமோன்னு பயம் வந்து வெச்சுட்டேன்.

உன் மாமா தட்டைப் பார்த்துக்கிட்டே சாப்பிடறார். அவர்தான் "சரி"ன்னு அமுக்கினாராம், அதனால எல்லாம் அவர் தப்பாம்.

வராதேன்னு நான் சொல்லல. வா. அவளைக் கொண்டு போகாதே. காலைப் பிடிக்கணுமா, பிடிக்கறேன்.

அக்கா


மார்ச் 27

அக்காவுக்கு,

நீ திட்டினதுக்காக நான் வர்றேன்னா நினைக்கற? உன் திட்டு எனக்குப் புதுசா? உன் கையால அடி வாங்கி வளர்ந்தவ நான்.

அந்த மெசேஜை நீ திருப்பிக் கேட்டியா? கேட்டிருக்க மாட்ட. நான் கேட்டேன். விரிப்பு அடுக்கற ரூம்ல உக்காந்து திரும்பத் திரும்பக் கேட்டேன். கடைசியில நீ மூச்சு வாங்கறே பாரு, அங்க பின்னாடி வாலு குரல் கேக்குது. "ம்மா, சீப்பை எங்க வெச்ச?" நீ சொல்ற, "இதோ வர்றேன்டி கண்ணு."

என்னைத் திட்டிக்கிட்டிருந்த அதே வாய். ஒரே நொடியில திரும்பிடுச்சு. பழகின வாய்தான் அப்படித் திரும்பும்.

நான் போன் பண்ணா அவ உன்னை "பெரியம்மா"ங்கறா. ஆனா அதுக்கு முன்னாடி ஒரு சின்ன இடைவெளி வரும். இத்தனை நாளா சிக்னல்தான் சரியில்லன்னு நினைச்சேன், அக்கா. சிக்னல் இல்ல. நீ கண்ணைக் காட்டுவ, அவ வார்த்தையை மாத்துவா. அப்படித்தானே? நீ பேசினதைத் தள்ளிவிடற மாதிரி அவளுக்கும் பழக்கிட்ட.

எனக்கு வயிறு எரியுது. சொல்லிட்டேன். இன்னும் ஒரு வருஷம் இப்படியே விட்டா என் பொண்ணுக்கு நான் யாரு? மாசா மாசம் பார்சல் அனுப்பற பொம்பளை.

டிக்கெட் போட்டாச்சு. வர்றதுக்கு ஒண்ணு. திரும்பறதுக்கு ரெண்டு.

தங்கை


ஏப்ரல் 4

அன்புத் தங்கச்சிக்கு,

ஆமா. கண்ணைக் காட்டுவேன்.

உன்னை ஏமாத்தணும்னு இல்ல. உனக்கு வலிக்கக் கூடாதுன்னுதான். முதல்ல அவ என்னை அம்மான்னு கூப்பிட்டப்ப "பெரியம்மான்னு சொல்லு"ன்னு திருத்தினேன். காய்ச்சல்ல கிடந்தப்ப ஒரு நாள் கூப்பிட்டா, திருத்த மனசு வரல. எனக்கும் கேக்க நல்லா இருந்துச்சு.

ஸ்கூலுக்குப் போய் சர்டிபிகேட் வாங்கிட்டேன். டீச்சர் நல்ல பொண்ணுன்னு சொல்லி ஒரு பென்சில் டப்பா கொடுத்தாங்க. வாலு கிட்ட சொல்லிட்டேன். அங்க நீச்சல் குளம் இருக்கான்னு கேட்டா. இருக்குன்னேன். "நீயும் வர்றியா?"ன்னு கேட்டா. நான் துணி எடுக்கப் போயிட்டேன்.

அவதான் நேத்து என் போனை வாங்கிப் பார்த்தா. "குப்பைத்தொட்டி எங்கயும் போகல. மேல தள்ளணும், அவ்வளவுதான். இது கூடத் தெரியாதா?"ன்னு கேட்டா. எனக்குச் சிரிக்கறதா அழறதான்னு தெரியல. இடம்தான் மாறியிருக்கு. முன்னாடியே தெரிஞ்சிருந்தா இத்தனை ரகளையும் இல்ல. நீயும் வந்திருக்க மாட்ட, நானும் "சரிம்மா" போட்டுக்கிட்டே இருந்திருப்பேன்.

பெட்டி கட்டிட்டேன். துணியெல்லாம் நான் துவைச்சது, அங்க போய் நீ ஒரு தடவை அலசாதே, வாசனை போயிடும். இருமினா வெந்நீர் கொடு. இருட்டுன்னா பயம், ஆனா பயம்னு சொல்ல மாட்டா.

கடைசியா ஒண்ணு. உன்னைத்தான் அம்மான்னு கூப்பிடணும்னு சொல்லி வெச்சிருக்கேன், கூப்பிடுவா. ஆனா தூக்கத்துல "ம்மா"ன்னு கூப்பிட்டா, அது என்னையோன்னு ஆராயாதே. "என்ன கண்ணு"ன்னு சொல்லிடு. யாராவது "என்ன"ன்னு சொன்னா போதும், புரண்டு படுத்துத் தூங்கிடுவா.

உன் அக்கா


ஏப்ரல் 12

அன்புள்ள அக்காவுக்கு,

"என்ன"ன்னு சொல்ல நான் இருக்க மாட்டேன் அக்கா. ஷிஃப்ட்ல இருப்பேன். போன் லாக்கர்ல இருக்கும்.

உன் லெட்டரைப் படிச்சதுல இருந்து இது ஒண்ணுதான் தலைக்குள்ள ஓடுது. ரூம்ல இருக்கற மத்த மூணு பேரும் நல்லவங்கதான். ஆனா அவங்களுக்கு அவ "ம்மா"ன்னா எழுந்திரிக்கத் தோணுமா?

திரும்பற டிக்கெட்டுல ஒண்ணை ரத்து பண்ணிட்டேன். சர்டிபிகேட்டைக் கொண்டு போய் ஸ்கூல்ல திருப்பிக் கொடு. பென்சில் டப்பாவைக் கேட்டா கொடுக்காதே. லீவு முழுக்க உங்களோடதான் இருப்பேன். அவ தலையை நான்தான் சீவுவேன், குறுக்கே வராதே.

விட்டுக் கொடுத்துட்டேன்னு நினைக்காதே. அடுத்த வருஷம் தனியா ஒரு வீடும் ஒரே ஷிஃப்ட்டும் கிடைச்சா மறுபடி கேப்பேன். அப்பவும் சண்டை போடுவோம்.

அதுவரைக்கும் ரெண்டு விஷயம். இனிமே அவளுக்குக் கண்ணைக் காட்டாதே. நான் லைன்ல இருந்தாலும் சரி, பக்கத்துலயே உக்காந்திருந்தாலும் சரி, அவ வாய்க்கு வர்றபடி கூப்பிடட்டும். எனக்கு வலிக்கும். வலிக்கட்டும்.

இன்னொண்ணு, அந்த "சரிம்மா"வை எனக்கு அனுப்பாதே. கோபம் வந்தா மைக்கை அமுக்கிக் கத்து. வாலு சொன்னான்னு மேல தள்ளாதே. உன் பழக்கப்படி இடது பக்கமே தள்ளு.

உன் தங்கச்சி