செவலையின் நான்கு குட்டிகள்

11 மார்ச்

நேற்று மாலை செம்பனைப் பழம் ஏற்றும் என் லோரியைப் பின்னால் எடுத்தபோது செவலை சக்கரத்தில் மாட்டிக்கொண்டது. பக்கத்து வீட்டு ஆறுமுகம் அண்ணனின் நாய். கண்ணாடியில் பார்த்தேனா? பார்த்ததாகத்தான் நினைக்கிறேன்.

அண்ணன் திட்டவில்லை. சாக்கில் சுற்றிக் கொண்டுபோய்ச் செம்பனை மரங்களுக்கு இடையே புதைத்தார். அதற்கு ஐந்து வாரக் குட்டிகள் நான்கு. இன்று காலை இரண்டை என் வாசலில் விட்டு, "நாலையும் என்னால பாக்க முடியாது" என்றார். அதோடு பேச்சு நின்றது.

14 மார்ச்

என் மனைவி விமலா சோற்றைக் கூழாக மசித்து ஊட்டுகிறாள். என்னிடம் அதிகம் பேசுவதில்லை.

23 மார்ச்

குட்டிகளைத் தடுப்பூசி போட நீலாய் கால்நடைக் கிளினிக்குக்குக் கொண்டுபோனேன். போன வருடம் எங்கள் தோட்ட லயத்தில் ரத்தமாகக் கழிந்து ஏழு நாய்கள் செத்ததையும், செவலை மட்டும் படுத்து எழுந்ததையும் டாக்டர் லோகேஸ்வரியிடம் சொன்னேன். "பார்வோ. அந்தக் கிருமி மண்ணுல மாசக்கணக்கா கெடக்கும்ணே" என்றார்.

சின்னக் குப்பியின் அடியில் உப்புக்கல் அளவு வெள்ளைத் துகள். நீரைச் செலுத்தியதும் கரைந்துபோனது. இதற்குள் நோயின் கிருமியே இருக்கிறதாம், பல் பிடுங்கிய பாம்பு மாதிரி. குட்டியின் உடம்பு அதைப் பார்த்துச் சண்டை பழகிக்கொள்ளுமாம்.

மூன்று தடவை போட வேண்டுமாம். ஏன் என்று கேட்டேன்.

"தாய்ப்பால்ல வந்த காவல் இன்னும் குட்டி ஒடம்புல நிக்குது. ஊசி மருந்தையும் எதிரின்னு நெனச்சு அடிச்சிடும். அது எப்ப எறங்கும்னு சரியா சொல்ல முடியாது. அதான் நாலு வாரத்துக்கு ஒரு தடவ போடுறோம்."

செவலையைப் புதைத்துப் பதின்மூன்று நாள். இன்னும் காவல் நிற்கிறதா? திரும்பும் வழியில் ஓரமாகக் காடியை நிறுத்திக் குட்டிகளைத் தொட்டுப் பார்த்தேன்.

24 மார்ச்

அண்ணனிடம் போனேன். "உங்க குட்டிங்களுக்கும் போட்டுட்டு வந்துடலாம்ணே. நானே கூட்டிட்டுப் போறேன்."

"தாயக் கொன்னுட்டு இப்ப குட்டிக்கு ஊசி போட வந்துட்டியா?"

திரும்பி வந்துவிட்டேன்.

20 ஏப்ரல்

இரண்டாவது ஊசி.

27 ஏப்ரல்

அண்ணனின் ஆண்குட்டி இரண்டு நாளாக வாந்தி எடுத்ததாம். இன்று மத்தியானம் செத்துவிட்டது. நான்கும் முந்தாநாள் வரை ஒன்றாகத்தான் உருண்டன, ஒரே மங்குக் கிண்ணத்தில் தண்ணீர் குடித்தன. என்னுடையவற்றுக்கும் வந்திருக்குமா?

28 ஏப்ரல்

காலை ஏழு மணிக்கு வாசலில் அண்ணன். துண்டுக்குள் மற்றக் குட்டி, தலை தொங்கியிருந்தது.

"புனிதன், காடிய எடு லா."

ஏழு வாரத்தில் முதல் முறையாக என் பெயர். வழியெல்லாம் அவர் கை குட்டியின் வயிற்றின் மேலேயே இருந்தது. கிளினிக்கில் டிரிப் ஏற்றினார்கள். டாக்டர் எந்த உறுதியும் தரவில்லை.

விமலா குளோரோக்ஸ் கிருமிநாசினி ஊற்றி வாசலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.

1 மே

அண்ணன் குட்டி இன்னும் கழிகிறது. என் குட்டிகள் என் செருப்பைக் கடிக்கின்றன. அவற்றின் மலத்தைத் தினமும் குனிந்து பார்க்கிறேன். பைத்தியம் போல.

4 மே

அது பிழைத்துவிட்டது. எலும்பும் தோலுமாக வீடு வந்தது.

12 மே

இரண்டு வாரம் தாண்டிவிட்டது. என் குட்டிகளுக்கு ஒன்றும் இல்லை. ஒரே தாய், ஒரே மண், ஒரே தண்ணீர். ஒன்று மண்ணுக்குள், ஒன்று சாவைத் தொட்டுத் திரும்பியது, இரண்டு வெயிலில் மல்லாந்து தூங்குகின்றன. நடுவில் நின்றது அந்த உப்புக்கல் அளவு மருந்து. சாமி அறையில் விளக்கு ஏற்றினேன். யாருக்கு என்று விமலா கேட்டாள். சொல்லத் தெரியவில்லை.

18 மே

மூன்று குட்டிகளும் ஒரே காடியில். பார்வோவில் தப்பியதற்கும் மற்ற நோய்களுக்காக ஊசி வேண்டுமாம். அண்ணன்தான் பிடித்துக்கொண்டார். அது முனகக்கூட இல்லை.

"முடிஞ்சிச்சா?"

"முடிஞ்சிச்சுண்ணே" என்றார் டாக்டர்.

காலிக் குப்பியை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

திரும்பும்போது லாபு ஊரைத் தாண்டினோம். பிறகு, சன்னல் பக்கம் பார்த்தபடியே, "நீ வந்து கேட்ட அன்னிக்கே ரெண்டையும் குடுத்திருக்கணும்" என்றார்.

நான் வண்டியை மெதுவாக ஓட்டினேன். அண்ணன் மடியில் இருந்த குட்டி அவர் கட்டை விரலைச் சப்பிக்கொண்டிருந்தது.