எந்தக் கை முதலில்

பழவேற்காடு
27.8.1956

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு, சைதா ஸலாம் சொல்லி எழுதுவது. பினாங்கில் உங்கள் வயிற்றுவலி எப்படி இருக்கிறது? கடைச் சாப்பாட்டைக் குறையுங்கள். இங்கே எல்லாரும் சுகம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. ஒரு வரி எழுதுவதும், எழுந்து போய் நம் மகள் சாலிஹாவைப் பார்ப்பதுமாக இருக்கிறேன்.

உங்கள் கடிதம் கிடைத்தது. அவளுக்கு வலிப்பு இருப்பது மாப்பிள்ளை மொய்னுதீன் வீட்டாருக்குத் தெரியக்கூடாது, முதலில் நிக்காஹ் முடியட்டும், தலையில் கத்தி வைக்கும் பேச்சே வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. நிக்காஹ் ஆனதும் வலிப்பு மாமியார் வீட்டுக்குப் போகாமல் இங்கேயே தங்கிவிடுமா?

என் தம்பி ஹனீபோடு வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனதை உங்களிடம் பாதிதான் சொன்னேன். சின்ன வயதில் படகில் அடிபட்டாளே, அந்தத் தழும்பு மூளையில் இருந்துகொண்டு வலிப்பைக் கிளப்பலாம், ஓரிடத்திலிருந்துதான் கிளம்புகிறது என்றால் அந்த இடத்தை ஆபரேஷன் செய்து எடுக்கலாம் என்றார் டாக்டர். பிறகு, அந்த இடம் எது என்று கண்டுபிடிக்க, எந்தக் கை முதலில் இழுக்கிறது என்று கேட்டார். பிள்ளை விழுந்ததும் சாவிக்கொத்தைக் கையில் திணித்து, முகத்தைத் துப்பட்டியால் மூடுவதுதானே நம் வழக்கம்? ஒருத்தரும் பார்த்ததில்லை. பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள் என்று அனுப்பிவிட்டார்.

அன்று முதல் அவள் பின்னாலேயே அலைந்தேன். மகளுக்கு எப்போது வலிப்பு வரும் என்று காத்திருந்த பெற்றவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, முற்றத்தில் மீன் அரியும்போது வந்தது. உங்கள் அக்கா ஜெய்னம்பு மதினி சாவியோடு ஓடிவந்தார். குறுக்கே நின்று தடுத்தேன். "இன்னா பொம்பள நீ? புள்ள துடிக்குது, சும்மா பாத்துக்கினு நிக்கிறே!" என்று கத்தியதில் தெருவே கூடிவிட்டது. கூட்டத்தில் மொய்னுதீனின் தாயாரும் நின்றார். அதற்காக நான் மகளை மூடவில்லை. அருவாமனையை அப்பால் தள்ளி, தலைக்கடியில் துணி வைத்து, அழுதுகொண்டே பார்த்தேன். இடது கட்டைவிரல்தான் முதலில். பிறகு இடது கை, வாயின் இடது ஓரம். அதற்குப் பிறகுதான் உடம்பெல்லாம்.

சம்பந்தம் முறிந்துவிட்டது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், மறைத்தது நாம். மதினி என்னோடு பேசுவதில்லை.

நான் பார்த்ததை ஹனீப் வேலூரில் போய்ச் சொன்னான். டாக்டர் சேர்த்துக்கொள்கிறேன் என்றாராம். இடது கை கொஞ்சம் விளங்காமல் போகலாம், உயிருக்கும் பயம் உண்டு என்பதையும் மறைக்கவில்லை. தகப்பன் சம்மதம் எழுத்தில் வேண்டுமாம். எனக்கு மட்டும் பயமில்லையா மச்சான்? ஆனால் அடுப்படிக்கும் கிணற்றடிக்கும் அவளை எத்தனை காலம் காவல் காப்பது?

சாலிஹாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தலைமுடியை மழித்துவிடுவார்களே என்றேன். "போவட்டும் உம்மா, வளந்துடும். வாப்பா வேணாம்னு எழுதினா, நீ இன்னொருக்கா எழுது" என்றாள்.

எழுதுவேன். நீங்கள் வேண்டாம் என்று சொல்லும் ஒவ்வொரு தடவையும் எழுதுவேன். ஆனால் கடிதங்கள் கப்பலில் போய்வரும் நாளெல்லாம் அவள் விழுந்துகொண்டிருப்பாள். அல்லாஹ் உங்களுக்கு நல்ல சுகத்தையும் இளகிய மனதையும் தரட்டும்.

உங்கள் சம்மதத்துக்குக் காத்திருக்கும்,
சைதா