எழுந்து நின்றவர்கள்

அன்பு மகள் ஜனேலுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகம். இப்படி எழுதத்தானே கடிதத்துக்கு ஒரு முதல் வரி இருக்கிறது, எழுதிவிட்டேன். அவளுக்கு முழங்காலில் வலி, எனக்கு இந்த ஊர் மேலேயே வலி, இரண்டுக்கும் வயதைத்தான் காரணம் சொல்கிறார் டாக்டர். அலாஸ்காவில் குளிர் எப்படி, இரவு வேலையை மாற்றித் தந்தார்களா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று எழுது. போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ ஒன்று கேட்டாய். நம் ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை காலியாக இருக்கிறது, ஊரும் மாறிக்கொண்டு வருகிறதாமே, நகர மன்றம் இன நீதிக் கண்காணிப்புக் குழு என்று ஒன்றை அமைத்துவிட்டதாமே, நான் திரும்பி வந்துவிடட்டுமா அப்பா என்றாய். கடிதம் போடுகிறேன் என்றேன். உன் அம்மா பக்கத்தில் நின்றுகொண்டு ஆமாம் சொல், ஆமாம் சொல் என்று என் சட்டையை இழுத்துக்கொண்டிருந்தாள். அவள் இன்று பெண்கள் சங்கத்தாரோடு தேவாலயத்துக்குப் போயிருக்கிறாள், அதனால் எழுத முடிகிறது.

முதலில் வீட்டுச் செய்தி. பின்கட்டுக் கூரை இந்தப் பனிக்கும் ஒழுகியது. உன் சித்தப்பா ரூஸ்வெல்ட் வந்து சரிசெய்கிறேன் என்று ஏணியை எடுத்துப்போனவன் ஏணியையும் திருப்பித் தரவில்லை, அவனும் வரவில்லை. பள்ளியில் துணைத் தலைமை ஆசிரியர் பதவி இந்த வருஷமும் எனக்கு இல்லை, கூடைப்பந்து சொல்லிக்கொடுக்க வந்த பையனுக்குப் போய்விட்டது. அவன் எல்லோரோடும் ஒத்துப்போகிறவனாம். நான் இருபத்தாறு வருஷமாக வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன், ஒத்துப்போனவர்களைப் பற்றிப் பாடப்புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லை என்று தேர்வுக்குழுவிடமே சொன்னேன். அதுவும் எனக்கு எதிராகத்தான் போயிருக்கும். போகட்டும்.

உன்னிடம் சொல்ல வேண்டியது பக்கத்து வீட்டு வெர்லீன் அத்தையைப் பற்றி. அவள் மகன் ஆன்ட்வானை நான் உனக்கு நினைவூட்ட வேண்டியதில்லை, பள்ளி வாத்தியக்குழுவில் நீ கிளாரினெட், அவன் டிராம்போன், இரண்டு பேரும் எங்கள் காதைப் பதம் பார்த்த காலம் இன்னும் காதிலேயே இருக்கிறது. காரின் பின்விளக்கு எரியவில்லை என்று அவனைப் போலீஸ் நிறுத்தியது, அவன் உயிரோடு வீடு திரும்பவில்லை. அதன் பிறகுதான் நீ இந்த ஊரைவிட்டுப் போனாய் என்பது எனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது ஒன்று உண்டு. விசாரணையின்போது ஒரு போலீஸ்காரர், கடைசியில் அவன் ஏதோ பேசிக்கொண்டிருந்தான் என்று ஒரு வாக்கியம் சொன்னார். என்ன பேசினான் என்று யாரும் கேட்கவில்லை, வழக்கை மூடிவிட்டார்கள். அன்றிலிருந்து வெர்லீன் மாதந்தோறும் நகர மன்றத்துக்குப் போய், பொதுமக்களுக்குத் தரும் மூன்று நிமிஷத்தில் அதைக் கேட்டுவருகிறாள். பொதுமக்கள் கேட்கலாம், ஆனால் பதில் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை. நேரம் முடிந்து மேசை விளக்கு சிவப்பானதும் நன்றி அம்மா என்பார்கள். பள்ளிச் சமையலறையில் நாள் முழுக்க நின்றுவிட்டு, ஒப்பனை செய்துகொண்டு, தொப்பி வைத்துக்கொண்டு அந்த நன்றியை வாங்கப் போவாள்.

இந்தக் கண்காணிப்புக் குழு வந்தபோது அதில் ஒரே ஒரு நல்ல விதி இருந்தது. குழுவின் உறுப்பினர் ஒருவர் கேட்கும் கேள்விக்குப் போலீஸ் தலைவர் பதில் சொல்லியே ஆக வேண்டும். ஒன்பது நாற்காலிகளில் ஒன்று, போலீஸால் பாதிக்கப்பட்ட குடும்பத்தைச் சேர்ந்தவருக்கு என்று ஒதுக்கப்பட்டது. வெர்லீன் அதைப் படித்துவிட்டு நம் வீட்டுச் சமையலறைக்கு வந்தாள். எனக்கு ஊரைத் திருத்துற ஆசையெல்லாம் இல்ல ஹொரேஸ் அண்ணா, அந்த நாற்காலியில ஒரு தடவை உக்காந்து ஒரே ஒரு கேள்வி கேட்டுட்டு அன்னைக்கே ராஜினாமா எழுதிக் குடுத்துட்டு வந்துருவேன் என்றாள். "எம் புள்ள கடைசியா என்ன சொன்னான்? அவ்வளவுதான்." உன் அம்மா அடுப்பை அணைத்துவிட்டாள். மனுவை நான் எழுதிக் கொடுத்தேன், உன் அம்மா கிழக்குப் பகுதி முழுவதும் வீடு வீடாகப் போய் ஆள் சேர்த்தாள். நானும் நம்பினேன், அதை மறைக்கவில்லை.

இந்த நேரத்தில்தான் நம் பாஸ்டர், டாக்டர் அல்ஃபோன்சோ டிக்கர்சன், அதே நாற்காலிக்கு மனுப் போட்டார். டாக்டர் பட்டம் பணம் கட்டித் தபாலில் வாங்கியது. ஒன்பதாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்து அல்ஜீப்ராவை என் தாளைப் பார்த்து எழுதியவர், இப்போது எனக்கு ஞாயிறுதோறும் சொர்க்கத்தின் கணக்கைச் சொல்கிறார். பாதிக்கப்பட்ட குடும்பம் என்பதற்கு அவரிடமும் ஆதாரம் உண்டு. அவர் அக்கா மகனை ஒருமுறை வேறு ஆள் என்று பிடித்துப் போய் ஒரு இரவு வைத்திருந்து, காலையில் மன்னிப்புக் கேட்டுக் காபி கொடுத்து அனுப்பினார்கள். மன்றத்துக்கு அந்த அளவு பாதிப்புப் போதும், அதற்கு மேல் இருந்தால் அவர்களுக்குப் பயம். வெர்லீன் நல்ல பெண்மணிதான், ஆனால் விஷயத்துக்கு மிக அருகில் இருக்கிறார், நடுநிலை வேண்டாமா என்று மன்ற உறுப்பினர் எவரெட் போஹானன் என்னிடமே சொன்னான். மன்றத்தில் நம்மைப் போலக் கறுப்பன் அவன் ஒருவன்தான், என் வகுப்பில் படித்தவன். தீப்பிடித்த வீட்டுக்காரனைத் தீயணைப்புக் குழுவில் சேர்க்காதே, அவன் நெருப்புக்கு மிக அருகில் இருக்கிறான் என்றேன். "நீங்க இன்னும் அப்படியேதான் இருக்கீங்க மிஸ்டர் சாட்டர்வைட்" என்று சிரித்துக்கொண்டே கைகுலுக்கினான்.

நியமனம் நடந்த மாலை மன்றக் கூடம் நிறைந்திருந்தது. என் காரில் வந்த எங்கள் மூவரைத் தவிர எல்லோரும் நம் தேவாலயப் பேருந்திலேயே வந்திருந்தார்கள், வெர்லீனுக்காக வந்த கூட்டத்துக்கும் பேருந்து பாஸ்டருடையதுதான். வெர்லீன் கருநீல உடையும் அதே நிறத்தில் தொப்பியும் அணிந்திருந்தாள். மேற்குப் பகுதிக்காரர்கள் தெருப்பனி அள்ளுவதைப் பற்றி வெகுநேரம் சண்டை போட்டு முடித்ததும் மன்றத் தலைவி திருமதி ஹோல்ட்கிராஃப், நேரமாகிவிட்டது, ஒவ்வொருவரும் பேச வேண்டாம், நான் மனுதாரர் பெயரைச் சொல்லும்போது அவர் எழுந்து நிற்கட்டும், அவரை ஆதரிப்பவர்களும் கூடவே எழுந்து நின்றால் போதும் என்றார். நல்ல யோசனை என்று எல்லோரும் தலையாட்டினார்கள். வெர்லீன் பெயரைச் சொன்னார். அவள் எழுந்தாள், நாங்களும் எழுந்தோம், கூடத்தில் பாதிக்கு மேல் நின்றது. உட்காரச் சொன்னார், உட்கார்ந்தோம். உன் அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினாள். அடுத்து டிக்கர்சன் பெயரைச் சொன்னார். பாஸ்டர் மெதுவாக எழுந்தார், கோட்டுப் பொத்தானைப் போட்டார், திரும்பி நின்றார்.

உனக்கு நான் சொல்லவே வேண்டாம் மகளே, நம் ஆட்கள் என்ன செய்திருப்பார்கள் என்று உனக்கே தெரியும். பாஸ்டர் எழுந்தால் சபை எழுந்து நிற்கும். நடக்கப் பழகும் முன்பே நமக்கு நிற்கப் பழக்கிவிடுகிறார்கள். முன்வரிசையில் மூத்த தாய்மார்கள் எழுந்தார்கள், ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு எழுந்தார்கள், பாடகர்குழு எழுந்தது, வாசல் காக்கும் உஷர்கள் எழுந்தார்கள். உன் அம்மா எழுந்தாள். வெர்லீன் முப்பது வருஷம் வெள்ளைக் கையுறை போட்டு அந்தத் தேவாலய வாசலில் நின்றவள், அவளும் எழுந்தாள், தனக்கு எதிராக. கூடத்தில் நான் ஒருவன்தான் உட்கார்ந்திருந்தேன், என்னோடு மேற்குப் பகுதிப் பனிக்காரர்கள். இது ஆதரவு இல்லை, இது வழக்கம் என்று கத்தினேன். வாசலில் நின்ற காவலாள் வந்து, "பேசணும்னா எந்திரிச்சு நின்னு பேசுங்க சார், உக்காந்துக்கிட்டுக் கத்தக் கூடாது" என்றான். எழுந்து நின்றால் என்னையும் பாஸ்டரின் கணக்கில் சேர்ப்பார்கள். நான் உட்கார்ந்தே கத்தினேன், அவன் என் தோளைப் பிடித்தான். திருமதி ஹோல்ட்கிராஃபின் கண் கலங்கிவிட்டது. ஒரு சமூகம் இப்படி ஒரே மனதாக நிற்பதைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவர் நம் சபைக்கு வெளியாள். ஆனால் போஹானனுக்குத் தெரியும். அவன் அதே தேவாலயத்தில் ஞானஸ்நானம் பெற்றவன், அவனுடைய பாட்டியார் முன்வரிசையில் நின்றுகொண்டிருந்தார். அவன் மேசையில் கிடந்த காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தான், பிறகு பாஸ்டருக்காகக் கையைத் தூக்கினான். ஒரு எதிர் வாக்குகூட இல்லை.

காரில் திரும்பும்போது நான்தான் பொறுக்க முடியாமல், என்ன காரியம் செய்தீர்கள் இரண்டு பேரும் என்று கேட்டேன். உன் அம்மா, "அவர் எந்திரிக்கிறப்ப எப்படி ஹொரேஸ் உக்காந்திருக்கிறது" என்றாள், அவளுக்கே பதில் தெரியாத குரலில். வெர்லீன் பின் இருக்கையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கு முன்னாடியே என் காலு எந்திரிச்சிருச்சு அண்ணா" என்றாள்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து கீழே கெளுத்தி மீன் வறுவலும் கீரையும் சோள ரொட்டியுமாகப் பந்தி நடந்தது. நான் போகாமல் இருந்திருப்பேன், உன் அம்மா இழுத்துப்போனாள். வெர்லீன் தானே பாஸ்டருக்குத் தட்டு நிரப்பிக் கொண்டுபோய் வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றாள். நாற்காலி உங்களுக்கே இருக்கட்டும் பாஸ்டர், என் கேள்வியை மட்டும் நீங்க கேட்டுக் குடுங்க, நீங்க கேட்டா அவங்க சொல்லித்தானே ஆகணும் என்றாள். அவர் அவள் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு, "சிஸ்டர், நான் தினம் உங்களுக்காக ஜெபிக்கிறேன். போன உடனே கதவை இடிச்சா நாளைக்கு எந்தக் கதவும் திறக்காது" என்றார். தேவாலயத்துக்குப் பக்கத்தில் கிடக்கும் நகராட்சி மனையை வண்டி நிறுத்தத்துக்குக் கேட்டு வருஷக்கணக்காக மன்றத்தின் கதவைத் தட்டுகிறவர் அவர். அந்தக் கதவைத்தான் சொல்கிறாரா என்று கேட்டுவிட்டேன். பாஸ்டர் என்னைப் பார்த்துப் புன்னகைத்து, பிரதர் சாட்டர்வைட்டுக்கு இன்னொரு மீன் துண்டு வையுங்கள் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அது நல்ல மீன், சாப்பிட்டேன்.

போன மாதக் கடைசி வியாழக்கிழமை குழுவின் முதல் கூட்டம், நூலகத்தின் கீழ்த்தளத்தில். நாங்கள் மூவரும் பின்வரிசையில் உட்கார்ந்தோம். ஒன்பது பேருக்கும் பெயர்ப்பலகை, தண்ணீர் பாட்டில், பக்கவாட்டில் போலீஸ் தலைவர் தொப்பியைக் கழற்றி வைத்துக்கொண்டு. விதிகளைத் திருத்தினார்கள், பொதுமக்களுக்கு மூன்று நிமிஷம் அதிகம், இரண்டு போதும் என்று முடிவானது. அந்த இரண்டு நிமிஷத்தில் வெர்லீன் போனாள். போலீஸ் தலைவரைப் பார்க்கவில்லை, பாஸ்டரைப் பார்த்தே கேட்டாள். எம் புள்ள கடைசியா என்ன சொன்னான். அவ்வளவுதான் கேள்வி, மிச்ச நேரமெல்லாம் ஒலிவாங்கியின் முன் சும்மா நின்றாள். அந்த அமைதியில் அவர் வாயைத் திறந்து, உறுப்பினர் என்ற முறையில் இதை நான் கேட்கிறேன் என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். போலீஸ் தலைவர்கூட அதை எதிர்பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தார், பேனாவை எடுத்தார் என்று உன் அம்மா சொல்கிறாள், நான் பார்க்கவில்லை, நான் பாஸ்டரின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஒருமுறை திறந்தது. விளக்கு சிவப்பானது. "நன்றி சிஸ்டர்" என்றார்.

அவள் வந்து உட்கார்ந்தாள். கூட்டம் முடிந்ததும் குழுத் தலைவர், ரெவரெண்ட் டிக்கர்சன் ஒரு முடிவு ஜெபம் சொல்வாரா என்றார். அவர் எழுந்தார். கூடம் முழுவதும் எழுந்தது. உன் அம்மா பாதி எழுந்து, பக்கத்தில் வெர்லீனைப் பார்த்து, அந்தப் பாதியிலேயே நின்றுவிட்டாள். வெர்லீன் உட்கார்ந்திருந்தாள். கைப்பையை இரண்டு கையாலும் மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள், கால்கள் தாமாக எழுந்துவிடுமோ என்று பயந்தவளைப் போல. ஆமென் வரை எழவில்லை. அன்றைக்கு யாரும் உட்கார்ந்தவர்களை எண்ணவில்லை. அவள் உட்கார்ந்திருந்ததை என்னையும் உன் அம்மாவையும் தவிர ஒருவரும் பார்க்கவும் இல்லை. இந்த மாதம் அவள் மன்றத்துக்கும் போகவில்லை, தேவாலயத்துக்கும் போகவில்லை. வெள்ளைக் கையுறையை உன் அம்மாவிடம் கொடுத்தனுப்பிவிட்டாள்.

ஆகவே மகளே, நீ கேட்டதற்குப் பதில். வராதே. ஊர் மாறவில்லை, நாற்காலிகள்தான் புதியவை. உன்னைப் பார்க்காமல் உன் அம்மா மெலிகிறாள், எனக்கும் ஞாயிறு மாலைகள் நீளமாக இருக்கின்றன, அது வேறு விஷயம். வேனிற்காலத்தில் ஒரு வாரம் வந்து போ, போதும். வெர்லீன் அத்தைக்கு ஒரு கடிதம் போடு, ஆன்ட்வான் வாசித்த ஏதாவது ஒரு பாட்டைப் பற்றி எழுது, அவன் பேசிய வார்த்தை ஏதாவது நினைவிருந்தால் அதையும் எழுது. கடைசி வார்த்தையாக இல்லாவிட்டாலும் அவளிடம் இல்லாத வார்த்தையாக இருக்கட்டும்.

ஆண்டவர் உன்னைக் காப்பாராக என்று அம்மா எழுதச் சொல்வாள், எழுதிவிட்டேன். என் பங்குக்கு, நீ நிமிர்ந்த தலையோடும் நல்ல தூக்கத்தோடும் நெடுநாள் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மறக்காதே. வேலைக்குக் கிளம்பும் முன் தினமும் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்து, பின்விளக்கு இரண்டும் எரிகிறதா என்று பார்.

உன் அப்பா,
ஹொரேஸ் சாட்டர்வைட்