நீ கிழிக்காத படத்தாள்

லைப்ஸிக்,
18 செப்டம்பர் 2011

அன்பு மகள் உல்ரிக்கேவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சுகம், அம்மாவின் முழங்கால் வலி மட்டும் மழைக்கு முன்னால் வந்து மழையோடு போகிறது. சிலியில் நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியம்தானே, குளிர் விட்டதா? இங்கே பிளம்ஸ் காலம், அம்மா மூன்று தட்டு கேக் போட்டாள், இரண்டை நான் தீர்த்துவிட்டேன், டாக்டரிடம் போட்டுக்கொடுத்துவிடாதே.

விஷயத்துக்கு வருகிறேன், சந்தோஷ விஷயம்தான். என் 1684ஆம் வருடப் பத்திரிகைத் தொகுதியை நீ மறந்திருக்க மாட்டாய். லைப்னிட்ஸ் தன் நுண்கணிதத்தை முதன்முதலாக அச்சில் வெளியிட்ட அந்த ஏழு பக்கம் நம் ஊர் மாதப் பத்திரிகையில்தான் வந்தது, அதற்குரிய வளைகோட்டுப் படத்தாள் மட்டும் என் பிரதியில் இல்லை. தொகுதி வீட்டுக்கு வந்து ஒரு மாதம் கழித்து நண்பர்களுக்குக் காட்டத் திறந்தேன், தாளைக் காணோம், ஆறு வயது நீ பக்கத்தில் உட்கார்ந்து வளைவு வளைவாகக் கிறுக்கிக்கொண்டிருந்தாய். அவ்வளவுதான், நீதான் கிழித்தாய் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன். "நான் தொடவே இல்லப்பா" என்று நீ அழுதாய், நான் காது கொடுக்கவில்லை. வாங்கும்போதே கடையில் படத்தாள்களை எண்ணிப் பார்ப்பது பழம்புத்தகம் சேர்க்கும் எங்கள் கூட்டத்தில் அரிச்சுவடி. நான் எண்ணவில்லை மகளே, வேறு எவனாவது தட்டிக்கொண்டு போய்விடுவானோ என்ற அவசரம். அதை வெளியே சொல்ல வெட்கம்.

போன சனிக்கிழமை பக்கத்து ஊர் ஹாலேயில் ஒரு பழம்புத்தகக் கடையில் 1685ஆம் தொகுதி அகப்பட்டது, அதே தோல் அட்டை, பழைய சொந்தக்காரரின் அதே கையெழுத்து. "மொதல்ல எண்ணுங்க, அப்புறம் பர்ஸத் தொறங்க" என்றாள் அம்மா. எண்ணினால் ஒரு தாள் கூடுதல்! மடிப்பை விரித்தேன், ஓரத்தில் 1684, பக்கம் 467 என்று அச்சாகியிருந்தது. இரண்டு வருடத் தொகுதிகளையும் ஒரே சமயத்தில் பைண்டு செய்த புண்ணியவான் அதைத் தவறுதலாக அடுத்த தொகுதியில் வைத்துத் தைத்திருக்கிறான். நான் போட்ட கூச்சலில் கடைக்காரர் ஓடி வந்து நாற்காலி போட்டார். அம்மா விடுவாளா, "தாள் கெடச்சதுக்கா குதிக்கிறீங்க? முப்பத்திரண்டு வருஷமா புள்ள சொன்னது நெசம்னு ஆயிடுச்சே, அதுக்குக் குதிங்க" என்றாள்.

குதித்தேன், சத்தியமாக. அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து பழைய தொகுதியைத் திறந்தேன். பின்னட்டையின் உள்பக்கத்தில் குறைகளைப் பென்சிலால் குறித்துவைப்பது எங்கள் வழக்கம், அங்கே என் கையெழுத்தில் 'படத்தாள் இல்லை, உல்ரிக்கே கிழித்தாள்' என்று இருந்தது. பார்க்கவே சகிக்கவில்லை, ரப்பரை எடுத்தேன். அம்மா பிடுங்கிக்கொண்டாள், "அழிச்சுட்டா உங்க தப்பு யாருக்குத் தெரியும்?" நியாயம்தானே. பழம்புத்தகத்தில் மை படக்கூடாது என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவன், பேனாவைத் திறந்து அதன் கீழேயே எழுதினேன்: 'உல்ரிக்கே கிழிக்கவில்லை. அப்பா எண்ணவில்லை.'

மன்னித்துவிடு கண்ணே. நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நூறு வயது இருக்க வேண்டும். கிறிஸ்துமஸுக்குக் கட்டாயம் வந்துவிடு, டிக்கெட்டை இப்போதே போடு. தாளை மேஜைமேல் விரித்தே வைத்திருக்கிறேன், நீ வந்து தொட்டுப் பார்க்க வேண்டும்.

ஆசிகளுடன்,
உன் அப்பா
ஓட்மார்