சாம்பிள் வீடு

மார்ச் 3, 2025
எங்கள் தீவுக்குக் கப்பல் வந்தது. சிமெண்ட் மூட்டைக்கு மறுபடியும் விலை ஏற்றம். ஏன் என்று கேட்டால் கடைக்காரன், "பெரிய கப்பல் போர்ட் வரப்போகுதுல்ல" என்கிறான். பச்சை மிளகாய்க்கும் அதே பதில், முடி வெட்டவும் அதே பதில். எங்கள் தெருவுக்கு இதுவரை வந்தது விலை மட்டும்தான்.

மார்ச் 9, ஞாயிறு
சர்ச்சில் பூசை முடிந்து வரும் வழியில் வீட்டுக்காரர் வெள்ளைச்சாமி அண்ணன். ஏழு வருடமாக அவர் வீட்டில் குடியிருக்கிறோம். வந்தபோது அது வீடா? நான்கு சுவர், மேலே தகரம். கொத்தனார் என்பதால் கூலி வாங்காமல் நானே அறை பிரித்துக் கட்டினேன், பூசினேன், கக்கூஸ் கட்டினேன், தரைக்கு டைல்ஸ் போட்டேன். "நீ கட்டுன வீடு, ஒனக்குக் குடுக்காம யாருக்குடா குடுப்பேன்? பதினஞ்சு லட்சம், சொன்னா சொன்னதுதான்" என்று போன பொங்கலுக்குச் சொன்ன மனிதர், இன்று எங்கேயோ பார்த்துக்கொண்டு, "ரேட்டெல்லாம் மாறுது ஜேசு. கொஞ்சம் பொறு" என்கிறார்.

மார்ச் 10
எதுக்குப் பொறுக்கணும்?

மார்ச் 22
நல்ல காரியம் ஒன்று. மெயின்லேண்ட் கம்பெனி இஞ்சினியர், பெயர் கௌதமாம், அளவு டேப்போடு வாசலில் நின்றான். எங்கள் கேம்பல் பே ஊருக்கு வருகிற கம்பெனிக்காரர்கள் முதலில் கொத்தனாரைத் தேடுவார்கள். அவன் கட்டிய வீடு ஒன்றைப் பார்த்துவிட்டுத்தான் வேலை பேசுவார்கள். உள்ளே கூப்பிட்டேன். என் மனைவி கிரேசி டீ போட்டாள். நில அதிர்வு தாங்க நான் வைத்த கம்பி, ஓதம் ஏறாத சுவர், எல்லாம் காட்டினேன். கிரேசி குள்ளம். அவள் உயரத்துக்கு அளந்து கட்டிய சமையல் மேடையையும் விடவில்லை. அவன் அறை அறையாக அளந்தான். "ஏக்தம் பக்கா, மிஸ்திரி" என்று இந்தியில் மெச்சினான். பெரிய வேலை கிடைக்கும். வீடு வாங்க பேங்கில் கேட்டிருக்கும் லோனும் வந்துவிட்டால் வீடு நமக்குத்தான்.

மார்ச் 29
மடையன். நான்தான்.

வெள்ளைச்சாமி ஆப்பிளோடு வந்தார். அப்போதே புரிந்திருக்க வேண்டும். கம்பெனி ஆட்கள் தங்க வீட்டைப் பத்து வருட லீஸுக்கு எடுக்கிறார்களாம். மாதம் அறுபதாயிரம். நான் கொடுப்பது ஆறு. "ஒன் வேலையப் பாத்துத்தான் இஞ்சினியர் ஓகே சொன்னாராம்" என்று சிரிக்கிறான். ஆமாம், சிரிக்கிறான். இனி இந்த நோட்டில் அவனுக்கு 'ர்' கிடையாது.

"அப்ப நான் போட்ட டைல்ஸு?"

"ஏழு வருசமா வாடகைய ஏத்துனேனா? அதுல கழிச்சுக்க."

கிரேசி சோறு வைத்துக்கொண்டே சொன்னாள்: "வீட்ட அந்தாளு கம்பெனிக்குக் குடுக்கல. டீ குடுத்து நாமதான் வீட்டக் காட்டிக் குடுத்தோம்." தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். 'நாம' என்று அவள் தன்னையும் சேர்த்துக்கொண்டதுதான் தாங்கவில்லை.

ஏப்ரல் 6
தகரக் கொட்டகைக்கு மாத வாடகை பன்னிரண்டாயிரம் கேட்கிறான் ஐயாவு. நேற்றுவரை என்னோடு மீனைப் பங்குபோட்டு வாங்கியவன். "கம்பெனிக்காரன் இருவது தருவான், ஒனக்காகக் கொறைச்சேன்" என்கிறான். நாடு வளர்கிறது என்று டிவியில் சொல்கிறார்கள். வளர்ந்து தொலையட்டும். நான் எங்கே படுப்பது?

ஏப்ரல் 27
காலி செய்தோம். கடைசியாகச் சுத்தியலை எடுத்தேன். டைல்ஸ், மேடை, எல்லாவற்றையும் நொறுக்கிவிட்டு நாலு சுவரும் தகரமுமாய் ஒப்படைப்பேன் என்றேன். கிரேசி கையைப் பிடித்தாள். "நீங்க கட்டுனத நீங்களே ஒடைப்பீங்களா?" விட்டுவிட்டேன். இப்போது அவள் தம்பி டெர்வின் வலை போட்டுவைக்கும் அறையில் இருக்கிறோம். சட்டையெல்லாம் கருவாட்டு வாடை.

மே 3
லோன் வந்துவிட்டதாம். பேங்கிலிருந்து போன். வேண்டாம் என்றேன்.

மே 19
கௌதம் ஆள் அனுப்பினான். அந்த வீட்டில்தான் வேலை. ஹாலைத் தடுத்து நான்கு அறை, சமையலறையில் இரண்டு கட்டில். போகமாட்டேன் என்றேன். ஒன்றரை மாதமாக வேறு வேலை இல்லை. கிரேசி டிபன் பாக்ஸைக் கழுவி வைத்தாள்.

மே 21
போனேன். கட்டில் போட இடம் வேண்டுமென்று சமையல் மேடையை இடிக்கச் சொன்னார்கள். காலையில் தொடங்கியது, நாலு மணிவரை அசையவில்லை. புதுசாக வந்திருக்கும் சூப்பர்வைசர் எரிச்சலோடு வந்து நின்றான்.

"இடுப்பு ஒசரம்கூட இல்ல, ஒடையவும் மாட்டேங்குது. எந்த மிஸ்திரிய்யா இதக் கட்டுனது?"

தெரியாது சார் என்றேன்.