பதினெட்டாம் திகதிக்கு ஓர் அறை

ஒக்டோபர் 13, திங்கள்

விடியற்காலையிலிருந்து மழை. குடையை பஸ்ஸில் விட்டுவிட்டேன். நனைந்தபடி கொட்டாஞ்சேனை ஒஃபீஸ்.

மத்தியானம் பக்கத்து மேசை பஸ்னா ஃபோனில் ஒன்று காட்டினாள். ஹோட்டல் அறைக்கு நாமே விலை கேட்கும் தளம். ஏரியா, எத்தனை ஸ்டார், எவ்வளவு தருவோம். இவ்வளவுதான் போடலாம். ஹோட்டலின் பெயர் தெரியாது. ஹோட்டல்காரர் சம்மதித்தால் கார்டில் சல்லி போய்விடும், பிறகுதான் பெயர் வரும். மாற்ற முடியாது. மறுத்தால் மறுபடி கேட்க ஒரு நாள் காத்திருக்க வேண்டும்.

"எடுத்த எடுப்பில பாதி விலை கேளுங்க. வெக்கப்படாதீங்க, சும்மா கிடக்கிற ரூம்தானே."

எதற்கு என்று கேட்கவில்லை. நல்லவள்.

சனிக்கிழமை, 18. ஓர் இரவு. கொள்ளுப்பிட்டி, நாலு ஸ்டார். என் மனுசன் சுதனிடம் இன்னும் சொல்லவில்லை.

14, செவ்வாய்

பாதி விலை கேட்டேன். கண் மூடித் திறக்குமுன் மறுப்பு.

வாங்க வேண்டியவை: பருப்பு, மாமியின் முழங்கால் தைலம், குசினிக்கு பல்ப்.

ஏன் இந்தப் பைத்தியம்? எழுதினால் எனக்கே விளங்கலாம். வெள்ளவத்தை ஃப்ளாட்டில் இரண்டு அறை. ஒன்றில் மாமாவும் மாமியும். மற்றதில் மச்சாளும் பிள்ளைகளும். எனக்கும் என் மனுசனுக்கும் ஹோல், குறுக்கே ஒரு திரை. கல்யாணமாகி இரண்டு வருடம். சண்டைகூட வட்ஸ்அப்பில்தான், பக்கத்தில் படுத்துக்கொண்டே.

மார்ச்சில் வயிற்றுப் பிள்ளை கலைந்தது. கிளினிக் கார்டில் பிறக்கும் திகதியாக எழுதியிருந்தது ஒக்டோபர் 18. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நேரே அந்த ஹோலில்தான் படுத்தேன். டிவி ஓடிக்கொண்டிருந்தது. அழவில்லை. சுதனும் அழவில்லை. அல்லது நான் காணவில்லை.

அந்த நாளை அங்கே கழிக்க என்னால் ஏலாது.

15, புதன்

மழை இல்லை. புழுக்கம். சுதன் வேலை செய்யும் பாமசிக்குப் போய், வாசலில் நின்றே சொன்னேன். கையிலிருந்த மருந்துப் பெட்டியைக் கீழே வைத்தார்.

"என்ன நாளெண்டு எனக்கும் தெரியுமப்பா. நீர் மறந்திருந்தா, நான் ஏன் ஞாபகப்படுத்துவான் எண்டுதான் வாய் திறக்கேல்ல."

ஏழு மாதமாக அவரும் எண்ணியிருக்கிறார். பக்கத்தில் இருந்துகொண்டு.

காலி வீதி பஸ் ஒன்று விடாமல் ஹோர்ன் அடித்தது. அதற்குமேல் கதைக்க முடியவில்லை. தன் பாங்க் கார்டை எடுத்து என் கையில் வைத்தார்.

16, வியாழன்

காலையில் மறுபடி கேட்டேன். மறுப்பு. பஸ்னா தலையில் கை வைத்தாள். "விலைய கூட்டாதீங்க, ஏரியாவ கூட்டுங்க!"

அவளுடைய தந்திரம்: புதிதாக ஓர் ஏரியாவைச் சேர்த்தால் காத்திருக்காமல் உடனே இன்னொரு தரம் கேட்கலாம். நாலு ஸ்டார் ஹோட்டலே இல்லாத ஏரியாவாகப் பார்த்துச் சேர்க்க வேண்டும். அங்கே அறை விழ வழியில்லை. விழுந்தால் கொள்ளுப்பிட்டியில்தான்.

கொட்டாஞ்சேனையைச் சேர்த்தேன். மறுப்பு. நான் பிறந்த ஊரும் கைவிட்டது. மருதானையைச் சேர்த்து விலையும் கொஞ்சம் கூட்டினேன். மறுப்பு.

வீட்டில் மாமி: "என்ன பிள்ளை, ஃபோனை முறைச்சுக்கொண்டு இருக்கிறீர்?"

"ஒஃபீஸ் வேலை, மாமி."

பொய். தேத்தண்ணி ஆறிப்போயிற்று.

17, வெள்ளி

சேர்க்க மிச்சம் இருக்கும் ஏரியா தெஹிவளை–வெள்ளவத்தை மட்டும். அங்கே நாலு ஸ்டார் உண்டு. விழுந்தாலும் விழும். வேறு வழியில்லை, நாளைக்கு 18. சேர்த்து அமத்தினேன்.

விழுந்தது.

பெயரைப் பார்த்தேன். எங்கள் வீட்டு ஒழுங்கையிலிருந்து மூன்றாவது ஒழுங்கை, கடற்கரைப் பக்கம், நடை தூரம்.

அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் சுதனுக்கு அனுப்பினேன். உடனே கோல் எடுத்தார். சிரிப்பில் சொல் வரவில்லை. "பாத்ரூம் செருப்போடயே போகலாமப்பா!"

மாமிக்கு என்ன சொல்வது? கண்டியில் சிநேகிதன் கல்யாணம் என்று சொல்வதாக முடிவு.

18, சனி

கண்டி என்று சுதன் தொடங்கவே மாமி கையைக் காட்டி நிறுத்தினார்.

"எங்கையெண்டு நான் கேக்கேல்ல. அங்க அறைக்கதவு பூட்டலாமோ?"

"ஓம், அம்மா."

"அப்ப போயிட்டு வாங்கோ. இண்டைக்கு என்ன நாளெண்டு எனக்கும் தெரியும்."

என் கன்னத்தை ஒருமுறை தொட்டார். பிறகு குசினிக்குள் போய்விட்டார்.

இரண்டு மணிக்கு அறை கிடைத்தது. ஐந்தாம் மாடி. கீழே ரெயில் பாதை, அப்பால் கடல். சுதன் கதவைப் பூட்டினார். திரும்பிப் போய் இழுத்தும் பார்த்தார். கட்டில் விளிம்பில் இருந்தோம்.

"பாமசியில..." என்று குசுகுசுத்தார்.

"பலமாச் சொல்லுங்கோ. ஒருத்தரும் இல்லை."

"பாமசியில பிள்ளைச் சாமான் அடுக்கிற தட்டு என்ர பொறுப்பு. மார்ச்சோட அதை மற்ற ஆளிட்டக் குடுத்திட்டன். அந்தப் பக்கம் போகேலாமக் கிடக்கு."

பிறகு அழுதார். வாய்விட்டு. நானும். ஒரு ரெயில் போனது, இன்னொன்று போனது. நாங்கள் யாருக்காகவும் நிறுத்தவில்லை.

நாலரை. மறுபடி மழை. முகம் வீங்கிப்போயிருக்கிறது. பசிக்கிறது, உண்மையான பசி. சுதன் குளிக்கிறார். உள்ளே பாடுகிறார், நல்ல குரலில். அவருக்குப் பாட வரும் என்று இரண்டு வருடமாக எனக்குத் தெரியாது.