கொழும்பில் பொழுது இன்னும் விழவில்லை

இன்று காலை மருந்து வாங்கப் போன வழியில், விளையாட்டுச் சாமான் கடையொன்றின் வாசலில் புதுப் பந்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள். வெயிலில் சூடேறிய ரப்பர் மணம் வீதிவரை வந்தது. "பேரனுக்கோ ஐயா?" என்று கடைக்காரர் கேட்டார். இல்லை என்றேன்; ஆனாலும் நகரவில்லை. உனக்கு எழுத வேண்டும் என்று அங்கேதான் தோன்றியது. நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. இவ்வளவு நாளும் எழுதாமல் இருந்ததற்கு, எனக்குச் சரியாக எழுத வராது என்ற பழைய பயம்தான் காரணம்.

அமெரிக்கப் பாதிரிமார் நடத்திய பாடசாலையில் நாம் ஒரே வாங்கில் இருந்தோம். நீ அக்கரையில் கிண்ணியாவிலிருந்து தோணியேறி எங்கள் பட்டினத்துக்கு வருவாய். கூடைப்பந்தை முதன்முதலில் எங்களுக்குக் காட்டியவர்கள் அந்தப் பாதிரிமார்தான். பந்து என்னை நோக்கி வந்தால் நான் கண்ணை மூடிக்கொள்வேன். "டேய், அது உன்னக் கடிக்காதுடா" என்பாய். கடைசியில் பாதிரியார் என் கையில் மணிக்கூட்டைத் தந்து ஓரத்தில் இருத்தினார். அன்றிலிருந்து உன் ஆட்டங்களுக்கு நேரம் பார்ப்பதே என் வேலையானது.

ஆங்கிலேயர் எங்கள் துறைமுகத்துக் கடற்படைத் தளத்தை விட்டுப் போனபோது, அங்கே வேலை செய்த உன் வாப்பாவுக்கும் வேலை போனது. மூத்தவன் நீ. அந்த நேரத்தில்தான் கொழும்புக் கொம்பனியொன்றிலிருந்து உனக்கு அழைப்பு வந்தது. அவர்களிடம் ஒரு கூடைப்பந்து அணி இருந்தது. தெரிவு ஆட்டத்தில் நன்றாக ஆடுகிறவனுக்குக் களஞ்சியத்தில் வேலையும் அணியில் இடமும் கிடைக்கும். கிடைக்காவிட்டால் நீ காட்டுக்கு விறகு வெட்டப் போவதென்று வீட்டில் முடிவாகியிருந்தது.

"பந்து எறியிறதுக்கு ஆராவது சம்பளம் குடுப்பானா?" என்று அயல்வீட்டுக்காரர் சிரித்தார்.

"குடுத்தா வாங்கட்டும். குடுக்காட்டி ரயில் பாத்ததா இருக்கட்டும்" என்றார் உன் வாப்பா.

அது நோன்பு மாதம். உன் உம்மா ஈத்தம்பழப் பொட்டலத்தை உன்னிடம் தராமல், துணைக்குப் புறப்பட்ட என்னிடம் தந்தார். "மகன், இவன் பந்தக் கண்டா நேரத்த மறந்திருவான். நீங்கதான் நேரம் பாத்துக் குடுக்கணும்." நான் அதைப் பெரிய பொறுப்பாக எடுத்துக்கொண்டேன். ரயில் ஏறி, ஊருக்குப் பக்கத்துத் தம்பலகாமத்து வயல்கள் கழியுமுன்னரே பலமுறை மணிக்கூட்டைப் பார்த்துவிட்டேன். நீ வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாய்.

கொழும்பு மைதானம் கடலுக்குப் பக்கத்தில் இருந்தது. பின்னேர வெயில் நேரே முகத்தில் அடித்தது. இடைவேளையில் கொம்பனி முகாமையாளர் உன் வெடித்த உதட்டைப் பார்த்தார். "தண்ணீர் குடி. இல்லாவிட்டால் வெளியே இரு. மயங்கி விழுகிறவனைப் பார்க்க நான் வரவில்லை" என்றார் ஆங்கிலத்தில். உனக்காக ஏதாவது சொல்ல வேண்டுமென்று எழுந்தேன்; மணிக்கூட்டைப் பார்த்தபடி திரும்ப இருந்துவிட்டேன். நீதான், பாதிரிமார் சொல்லித்தந்த அதே ஆங்கிலத்தில், "விழுந்த பிறகு வெளியே இருக்கிறேன், சேர்" என்றாய்.

இரண்டாம் பாதி முடிய இன்னும் இருந்தது. கிண்ணியாப் பள்ளிவாசலில் நோன்பு திறக்கப் பாங்கு சொல்லும் நேரத்தை என் மணிக்கூடு காட்டியது. பந்து கோட்டுக்கு வெளியே போக, நீ என் பக்கமாக வந்தாய். ஒரு பழத்தை நீட்டினேன்.

"நேரமாச்சு, திற."

வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனவன் நிறுத்தினாய். "எந்த ஊர் நேரம்டா இது?"

"எங்கட ஊர் நேரம்தான். முந்தாநாள் பாங்கு கேக்கேக்க வடிவாப் பாத்து வச்சனான்."

நீ மேற்கே கையைக் காட்டினாய். கடலுக்கு மேலே சூரியன் சிவந்து, முழுசாக நின்றது.

"அங்க விழுந்திட்டு மச்சான். இங்க இன்னும் விழல்ல. நாள் முழுக்கப் புடிச்ச நோன்ப ஒரு பழத்தால முறிக்கப் பாத்தியே."

பழத்தை என் உள்ளங்கையில் திரும்ப வைத்துவிட்டுச் சிரித்தபடி ஓடினாய். கிழக்குக் கரையில் எங்களுக்குப் பொழுது சில நிமிடங்கள் முந்தியே படும். பாடசாலையில் புவியியலுக்குப் பரிசு வாங்கியவன் நான்.

உன் ஆட்டங்கள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். எதை நினைத்து மிகவும் பெருமைப்படுகிறாய் என்று என்னை யாரும் கேட்டால், அந்தச் சில நிமிடங்களைத்தான் சொல்வேன். நீ அந்தப் பழத்தைத் தின்றிருந்தால் குறை சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. உனக்கோ நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது. அப்படியிருந்தும் ஒரு பந்தையும் நீ விட்டுக்கொடுக்கவில்லை.

பிறகு எதிரணிக்காரன் ஒருவன் உன் கையில் அடித்துவிட்டான். கோட்டில் நின்று, தடுப்பார் இல்லாமல் இரண்டு முறை எறிய நடுவர் உன்னை அழைத்தார். பந்தை வாங்கக் கை நீட்டினாய். அப்போதுதான் எங்கோ ஒரு பள்ளியிலிருந்து பாங்கு கேட்டது. நீட்டிய கையை மடக்கிக்கொண்டாய்.

"ஒரு நிமிஷம், சேர்."

நடுவர் விளங்காமல் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். நீ ஓடவில்லை. நடந்து வந்து பழத்தை வாங்கி, மெல்ல ஏதோ ஓதி, தின்றாய். ஒரு மிடறு தண்ணீர் குடித்தாய். மைதானம் முழுவதும் உன்னையே பார்த்துக்கொண்டு நின்றது.

"மாப்பிள்ளைக்குத் தேத்தண்ணியும் வேணுமா?" என்றான் எதிரணியில் ஒருவன்.

"இருந்தா கொண்டா" என்றாய். அவன் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். திரும்பிப் போய் எறிந்தாய். இரண்டும் வளையத்தைத் தொடாமல் இறங்கின.

ஆட்டம் முடிந்ததும் முகாமையாளர் என்னிடம் வந்தார். உன்னை அழைத்து வந்த பெரிய மனிதன் என்று நினைத்திருக்க வேண்டும். "தண்ணீர் இல்லாமல் இப்படி ஆடுகிறவன், குடித்தால் எப்படி ஆடுவான்?" என்று கேட்டார். "கொஞ்சம் கூடுதலாக, சேர்" என்று பின்னாலிருந்து நீ சொன்னாய். அடுத்த மாதமே வேலைக்கு வரச் சொன்னார்.

அதன் பின் நடந்தது ஊருக்கே தெரியும். கொம்பனி அணிக்குத் தலைவனானாய். நாட்டின் சட்டையைப் போட்டுக்கொண்டு கடல் கடந்து போய் ஆடினாய். பத்திரிகையில் உன் படம் வரும் நாட்களில், அரசாங்கக் கச்சேரி அலுவலகத்தில் எழுதுவினைஞனாக இருந்த நான் மேசைக்கு மேசை அதைக் கொண்டுபோய்க் காட்டினேன். வேறெதற்கும் நான் கதிரையை விட்டு எழுந்ததாக அங்கே ஒருவரும் சொல்லமாட்டார்கள். உன் வாப்பா தோணியில் அறியாத ஆட்களிடமும், "பந்து எறிஞ்சி சம்பளம் எடுக்கிறவன் என்ட மகன்" என்பாராம். முழங்கால் இனி ஏலாது என்றபோது, புலம்பாமல் ஊருக்குத் திரும்பித் துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்தாய். அங்கேயும் ஓர் அணியைக் கட்டியெழுப்பினாய்.

உன் ஜனாசா நல்லடக்கத்துக்கு வந்தேன். இப்போது தோணி வேண்டியதில்லை. கிண்ணியாவுக்குப் பாலம் இருக்கிறது. முற்றம் நிறைந்த சனம். எனக்கு ஓரத்தில்தான் இடம் கிடைத்தது. நான் முன்னால் வருவதற்குள் உன்னைத் தூக்க ஆயத்தமாகிவிட்டார்கள். உன் முகத்தை நான் அதுவரை பார்த்திருக்கவில்லை. வாழ்நாளில் யாரையும் நான் மறித்தவனில்லை.

"ஒரு நிமிஷம்" என்றேன்.

நின்றார்கள். உன் மகன் என்னை அடையாளம் கண்டு, துணியை விலக்கிக் காட்டினான். பார்த்தேன். "சரி தம்பி" என்றேன். தூக்கினார்கள்.

அதற்குப் பிறகு வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் என்னை அவசரப்படுத்துகிறவர்களிடம் அதே "ஒரு நிமிஷம்" சொல்கிறேன். குரல் இன்னும் நடுங்கத்தான் செய்கிறது. ஆனாலும் நிற்கிறார்கள்.